சிபியூவுக்குத் தைத்த உறை

14.6.2014, சனி

பழைய கார் ரேஸ் கேம் புது கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேன் என்றது. மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்ததும் உட்கார்ந்து, இது பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்து கேம் என்று கம்ப்யூட்டருக்குப் புரியும்படி செட்டிங்கை மாற்றினேன். திறந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கார் மாட்டு வண்டியாகிவிட்டது. படத்தின் தரத்தைக் குறைத்தேன், கார்களின் நிழலை எடுத்தேன். ம்ஹூம்.

"தோத்துடுவோம்னு பயம். அதான் பழிய கம்ப்யூட்டர் மேல போடுறீங்க" என்று மல்லிகா சிரித்தாள். கல்யாணமான புதிதில் இதே கேமில் என்னைத் தினமும் தோற்கடித்தவள்.

கடுப்பில் சிபியூவைத் தொட்டால், இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது. மைன்ஸ் தூசி உள்ளே போகக் கூடாதென்று அவள் பூப்போட்ட துணியில் தைத்து மாட்டிய உறை, ஃபேனையும் சேர்த்து மூடியிருந்தது! கழற்றினேன். ஆறியதும் கார் பறந்தது.

"இப்ப பழி யார் மேல?" என்றேன்.

"அது கெடக்கட்டும். வாங்க, ஒரு ரேஸ் வுட்டுப் பாப்போம்" என்றாள்.

மூன்று ரேஸ். மூன்றிலும் அவள்தான்.

இனிமேல் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. அவள் தூங்கிவிட்டாள். உறையைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.