பிலோமினாவின் கணவர்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பல்கனிக் கம்பியில் கடலுப்பு, எவ்வளவு துடைத்தும் பலனில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் பூசை சனிக்கிழமை. ரோல்ஸ், கட்லட் ஓடர் கொடுக்க. பாதருக்கு ஞாபகப்படுத்த. தண்ணீர்ப் போத்தல். வெள்ளைச் சேலை, ஸ்திரிக்கை.

பின்னேரம் ரொஷான் வந்தான். கல்லறைக் கல்லில் வெட்டப்போகும் வாசகத்தைப் போனில் காட்டினான். அவர் பெயர். கீழே, படைவீரர், வணிகர், இறைபக்தர். அதற்குக் கீழே, பிலோமினாவின் அன்புக் கணவர், ஷாமினி, ரொஷான் ஆகியோரின் பாசமிகு தந்தை.

வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். நான் இல்லை.

"நல்லாயிருக்கு" என்றேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பி., அவருடைய முதல் மனைவி (பெயரை முழுதாக எழுதக் கை வராது), அவரோடு வாழ்ந்தது பதினாறு வருடம். நான் முப்பதுக்கு மேல். அவருடைய மருந்து, சீனி வருத்தம், கால் புண், கடைசி மூச்சு எல்லாம் என் கையில். ஆனால் அடக்கம் பண்ணியது பி.யின் கல்லறையில், அவளுக்கு மேலே. அப்படித்தான் வைக்கச் சொல்லி மகனிடம் கேட்டிருந்தாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

வெயில். ஷாமினி ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கினாள். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தாள், "அன்ரி, மெலிஞ்சு போனீங்க." பிறகு நேரே ஹோலுக்குப் போய்த் தாயின் படத்துக்கு முன்னால் நின்றாள். கனநேரம். அவரின் படத்துக்கு முன்னால் அவ்வளவு நேரம் இல்லை. கவனித்தேன்.

பி.க்கு அந்தப் படத்தில் முப்பத்தாறு வயது. எனக்கு எழுபத்திரண்டு. இது எந்த ஊர் நியாயம்?

செவ்வாய்க்கிழமைகளை நினைத்துக்கொண்டேன். விடிய எழும்பி, சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போவார். பூசை முடிந்து சேமக்காலை, பி.யின் கல்லறைக்கு. திரும்பி வரும்போது சப்பாத்தில் செம்மண். நான் துடைத்து வைப்பேன். வருகிறாயா என்று அவர் கேட்டதில்லை. வரட்டுமா என்று நானும் கேட்டதில்லை.

கீழ்வீட்டு மிஸிஸ் லிப்டில் கண்டு சொன்னா, "அவரைப் போல மனிசன் ஆருக்குக் கிடைக்கும்." ஆருக்குக் கிடைத்தார் என்பதுதான் கேள்வி.

ஒக்டோபர் 11, சனி

பூசை கொட்டாஞ்சேனையில், பழைய பங்கில். மழை, டிரபிக், பாதிப்பேர் லேட். பாதர் பிரசங்கத்தில் பி.யின் பெயரை இரண்டு தரம் சொன்னார். என்னை "குடும்பத்தார்" என்றார்.

பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பாடு. கட்லட் உப்புக் குறைவு.

குருநாகலிலிருந்து ஒரு முதியவர் பஸ் பிடித்து வந்திருந்தார். பெயர் குணபால. இளவயதில் இருவரும் இராணுவத்தில் பொறியியல் பிரிவில் ஒன்றாக இருந்தவர்களாம். அவரின் படத்துக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கனநேரம் கையை இறக்கவில்லை.

பாதித் தமிழ், பாதிச் சிங்களத்தில் கதைத்தார். வெள்ளத்தில் பாலம் போடப் போன இடத்தில் குணபாலவைத் தண்ணீர் இழுத்ததாம். அவர்தான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்து இவரைக் கரைக்குக் கொண்டுவந்தாராம். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் நான். இந்தக் கதை எனக்குத் தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒவ்வொரு நாளும் நோனாவுக்கு, மனிசிக்கு, கடிதம் எழுதுவார்" என்றார் சிரித்துக்கொண்டு. "நாங்க எல்லாரும் பகிடி பண்ணுறது. நோனா நீங்கதானே?"

"இல்லை" என்றேன். அந்த மனிதர் முகம் சுருங்கிப்போனது. பாவம், அவர் பிழை இல்லை. ரோல்ஸ் இரண்டு பொதிசெய்து கொடுத்தேன் வழிக்கு.

தபால் கந்தோரில் வேலைசெய்து பென்ஷன் எடுத்தவள் நான். எத்தனை பேரின் கடிதம் என் கையால் போனது. எனக்கு அவர் எழுதியதெல்லாம் "பாண் இல்லை", "கரண்ட் பில்".

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. தலையிடி. மீன் வாங்கவில்லை, பருப்பும் சம்பலும்.

ஷாமினி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன். கல்லில என்ர பேர் இல்லையே, பிள்ளை.

திருவுவதை நிறுத்தாமல் சொன்னாள். "ரொஷான் போட்டவன். நான்தான் எடுக்கச் சொன்னனான்."

பருப்பு பொங்கியது. அடுப்பைக் குறைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

அவர் வருவார் வருவார் என்றே அம்மாவின் காலம் போனதாம். முதலில் ஆமி. கடிதம் வரும், ஆள் வராது. ஆமியை விட்டுவந்து துறைமுகத்துக்குக் கிட்டக் கப்பல்களுக்குக் கயிறும் பெயின்றும் விற்கும் கடை போட்டார், பிறகு கடைதான் வீடு. பிள்ளைகள் நித்திரையான பிறகு வருவார், எழும்ப முதல் போய்விடுவார். அம்மா வருத்தத்தோடு தானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாளாம், ஒரு தரம் மயங்கிக் கொட்டாஞ்சேனைச் சந்தியில் விழுந்தாளாம். அவள் உயிர் போனபோது அவர் ஒரு கப்பலுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றார்.

"அதுக்குப் பிறகுதான் கோயில், செவ்வாய்க்கிழமை எல்லாம். நீங்க வரேக்க ஆறு மணிக்குக் கடை பூட்டி வீட்டை வருவார். உங்களோட இருந்து தேத்தண்ணி குடிப்பார், சிரிப்பார். நான் அறைக்குள்ள இருந்து அழுவன், அன்ரி. அம்மாவுக்குக் கிடைச்சது திருந்தாத ஆள். திருந்தின ஆள் உங்களுக்கு."

"அதுக்கு நான் என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் எரிச்சல்." பிறகு, "கல்லாவது அம்மாவுக்கு முழுசாக் கிடைக்கட்டும் எண்டு நினைச்சனான்."

பதினாறு வயதில் அவள் என் சமையலைத் தொடமாட்டாள், கடையில் பாண் வாங்கித் தின்பாள். தாயை இழந்த பிள்ளை என்று அப்போது நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். என்னை. சிரிப்பு வரவேண்டும், வரவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

நித்திரை சரியில்லை. பிரஷர் குளிசை மறந்து, பத்து மணிக்கு எடுத்தேன்.

ஆறுதலாக இருக்கவேண்டும் இல்லையா? அவளை விட எனக்குத்தான் நல்ல பங்கு. ஆனால் அது இல்லை. மழைநாளில் சந்தியில் குடையோடு எனக்காகக் காத்து நின்றது, என் அம்மா கிடையில் கிடந்தபோது அவரே தூக்கிக் குளிப்பாட்டியது. எல்லாம் அவளுக்குச் செய்யாமல் விட்டதைத்தான் எனக்குச் செய்தாரா? எனக்கென்று செய்தது எது? கேட்க ஆள் இல்லை.

பொறாமை போகவில்லை. வேறு இடத்துக்கு மாறி இருக்கிறது. ஒன்று மட்டும் உண்மை, சந்தியில் விழுந்து கிடந்தவளை நினைத்தால் கோபம் வரமாட்டேன் என்கிறது. அவர்மேல் வருகிறது. முதல் தரம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

ஷாமினி இரவு பிளேன். சூட்கேசில் மிளகாய்த்தூள், கருவாடு (மணக்கும், கேட்கமாட்டாள்).

ரொஷானும் வந்திருந்தான். ஷாமினிதான் தொடங்கினாள், அன்ரியின் பெயரையும் போடு என்று. ரொஷான் போனை எடுத்தான். "பிலோமினா, ரீற்றா ஆகியோரின் அன்புக் கணவர். சரியா?"

முதல் பெயர் அவளுடையதாகவே இருக்கட்டும், "அன்பு" மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்றான். அவளுக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்ததா என்று தெரியாது, ஆகவே கணவர் என்று மட்டும் போடு என்றேன். ஷாமினி என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். அவருடைய சிரிப்பு.

எனக்கு எங்கே இடம் என்றும் கேட்டேன். அந்தக் கல்லறையிலேயே இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறதாம். "ஆனா கொஞ்ச வருஷத்துக்குத் திறக்க விடமாட்டினம், அன்ரி."

அப்ப அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கத்தானே வேணும் என்றேன்.

கல் வெட்டுபவர், மூன்று பெயரையும் வருஷங்களோடு இப்போதே தனித்தனியாகக் கீழே வெட்டினால் எழுத்து ஒரே மாதிரி இருக்கும் என்றாராம். சரி என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மரித்தோர் நாள். காலையில் வெயில், மதியம் இருட்டு. சேமக்காலை முழுக்கச் சனம், மெழுகுதிரி, வாளிகளில் பூ.

ரொஷான் காருக்கு இடம் தேடிப் போக, நான் தனியே நடந்து போனேன். கல் வைத்தாயிற்று. கறுப்புக் கல், வெள்ளை எழுத்து. அவர், அவள், நான். எனக்குப் பிறந்த வருஷம் மட்டும். செவ்வந்தி கொண்டுபோனேன். நடுவில் வைப்பதா, எந்தப் பக்கம் வைப்பதா? கடைசியில் இரண்டாகப் பிரித்தேன். பெரிய பங்கு பிலோமினாவுக்கு. ஏன் என்று தெரியாது. கை அப்படிப் போனது.

பக்கத்துக் கல்லறையில் திரி கொளுத்திக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"அக்கா, ரீற்றா எண்டவ ஆர்? செத்த வருஷம் போட மறந்திட்டாங்க போல."

"நான்தான்" என்றேன்.

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். மழை தொடங்கியது.