ஒரே நாளில் நிறுத்திய சீரம்

கள்ளிக்குப்பம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அம்மா,

நான் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். கன்றுக்குட்டியின் ரத்தச் சீரம் இல்லாமல் மனிதரின் ரத்தப் புற்றுநோய் செல்களை வளர்ப்பதுதான் இங்கே என் வேலை. அந்தச் சீரம்தான் அவற்றுக்கு ஊட்டம், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்க வேண்டும். சீக்கிரம் முடித்தால் ஊருக்கு வரலாமே என்று ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாவது முறையும் எல்லாம் செத்துவிட்டன. இன்னொரு முறை செத்தால் என்னைப் போகச் சொல்லிவிடுவார்கள். மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

இதைக் கேட்டு, இங்கே குடுவை கழுவும் பஞ்சவர்ணம் அக்கா சிரித்தார். “இன்னா மேடம், பால்குடிக்கிற புள்ளைக்கே ஒரே நாள்ல நிறுத்துனா தாங்குமா?”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேப்பெண்ணெய் தடவிப் பாப்பாவுக்குப் பால் மறக்கடித்துவிட்டு மறுநாளே ரயில் ஏறியவள்தானே நான்!

என் நீலப் புடவையை அனுப்பச் சொன்னேனே, வேண்டாம். அவள் போர்த்திக்கொண்டு தூங்கட்டும்.

பஸ் வரும் நேரம். சேமித்துவைத்த செல்கள் உறைபெட்டியில் இன்னும் இருக்கின்றன, மறுபடி முதலிலிருந்து வளர்த்துக்கொள்வேன். பாப்பா டம்ளரில் பால் குடிக்கிறாள், என்னைத் தேடுவதே இல்லை என்கிறாயே, அது நிஜமா அம்மா?

உன் மகள்,
உலகம்மாள்