உன் சமையலறையில் ஒரு பஸ்

அன்பு மகள் துர்காவுக்கு அம்மா அன்புக்கரசி எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, இரண்டு ஆடு எல்லாரும் சுகம், உன் சமையலறையில் நிற்கிற பஸ்ஸுக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. குஜராத் மோர்பியில் நீ சுகமா, டைல்ஸ் கம்பெனி லேபில் வேலை எப்படிப் போகிறது, அந்த ஊர் ரொட்டியைத் தின்று தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் வாரத்துக்கு இரண்டு நாளாவது சோறாக்கிச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போனில் சொல்லாமல் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் பஸ் என்று வாயெடுத்ததுமே நீ கத்துவாய், கத்திவிட்டுக் கட் பண்ணுவாய். காகிதத்தைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் கத்து, அது பாட்டுக்கு மிச்சத்தையும் சொல்லும். எழுதி முடித்ததும் அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார், ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவருடைய கட்டைவிரல் விழுந்திருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

கொரோனாவில் நின்ற நம்ம ஊர் பஸ் அதற்கப்புறம் வரவே இல்லை, அது உனக்கே தெரியும், டிப்ளமோ படித்த மூன்று வருஷமும் மாணிக்கவேல் ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாகத்தானே விருத்தாசலம் போய் வந்தாய். நானும் போன வாரம் வரைக்கும் அப்படித்தான் போனேன், ஆட்டோவில் இடமில்லாத நாளெல்லாம் மெயின் ரோடு வரைக்கும் மூன்று கிலோமீட்டர் நடை. செராமிக் எஸ்டேட்டில் எட்டரைக்கு மேல் ஐந்து நிமிஷம் ஆனால் அரை நாள் சம்பளம் இல்லை. பீங்கான் பியூஸ் கேரியருக்கு மண் பிசைகிறவள் நேரத்துக்கு வர வேண்டும், அவளைக் கொண்டுவந்து சேர்க்கிற பஸ் மட்டும் ஐந்து வருஷம் கழித்துக்கூட வரலாம், இதுதான் இந்த நாட்டு நியாயம். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்க் கடைசியில் ஆடி மாதம் நாங்கள் பதினேழு பொம்பளைகள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் 'எங்கள் ஊருக்கு பஸ் வர வேண்டும்' என்று பிராது எழுதிக் கட்டினோம். ஊரிலிருந்து கோயிலுக்குப் பதினான்கு கிலோமீட்டர், அதற்கான படிக்காசையும் கட்டினோம். சாமி வந்து விசாரிப்பதற்கே கிலோமீட்டர் கணக்கில் படி கொடுக்கிற ஊர்க்காரர்கள் நாம், நம்மைப் போய் போக்குவரத்தின் அருமை தெரியாதவர்கள் என்று எவனாவது சொல்ல முடியுமா? இதைக் கேள்விப்பட்டு மாணிக்கவேலும் மறுவாரம் போய் 'பஸ் வரக்கூடாது' என்று ஒரு எதிர்ப் பிராது கட்டிவிட்டு வந்தான். ஒரே ஊருக்கு இரண்டு படி வாங்கிக்கொண்ட சாமி என்ன செய்வார் பாவம், ஆளுக்குப் பாதியாகத் தீர்ப்பு எழுதினார். பஸ் வந்தது. வந்த பஸ்ஸுக்குத் திரும்ப இடமில்லை.

போன வாரம் திங்கட்கிழமை காலையில் ஏழு நாற்பதுக்கு பஸ் வந்து நம்ம வீட்டோரம் நின்றபோது ஊரே குலவை போட்டது. கத்தரிக்காய் விற்கிற பெரியம்மாள் தேங்காய் உடைத்தாள். டிரைவர் சுப்புராயன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார், இறங்கி நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். 'யம்மா, வண்டிய எங்க திருப்பறது?' என்றார். பழைய பஸ் திரும்புகிற களத்து மேட்டில் இப்போது தண்ணீர் டேங்க் நிற்கிறது, அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அன்றிலிருந்து ஆறு நாள் அந்த பஸ் ஏரிக்கரை முக்கு வரைக்கும் முக்கால் கிலோமீட்டர் பின்னாலேயே போயிற்று. பஸ்ஸுக்குப் பின்னால் விசில் ஊதிக்கொண்டு கண்டக்டர், அவருக்குப் பின்னால் கோழி, குழந்தைகளை ஓரமாக விரட்டிக்கொண்டு நாங்கள், சாமி ஊர்வலம் கெட்டது போ. ஆளாளுக்கு வழி சொன்னோம். 'வா வா வா', 'ஒடி ஒடி', 'ஐயோ எங்க செவுரு'. வியாழக்கிழமை மாணிக்கவேல் வீட்டுக் கொடிக்கயிறு பஸ்ஸின் ஏணியில் மாட்டிக்கொண்டு அவனுடைய இரண்டு லுங்கியும் ஒரு பனியனும் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டன. அவன் வாழ்க்கையில் டிக்கெட் எடுக்காமல் போன பயணம் அது ஒன்றுதான் என்று நினைக்காதே, ஆட்டோ ரிப்பேர் என்று வருஷத்தில் பாதி நாள் டெம்போவில் ஓசியில் தொற்றிக்கொண்டு போகிறவன்தான். ஆனால் வாய் மட்டும் குறையாது. எங்களைப் பார்த்து, 'ஓசி பஸ்ஸு மகாராணிங்க கெளம்பிட்டாங்க' என்றான். பெரியம்மாள் சும்மா விடுவாளா, 'ஆமாண்டா, ரேஷன் அரிசி துன்னுட்டு ஏப்பம் வுடும்போது ஓசின்னு தெரியல, பொம்பள பஸ்ஸுல குந்துனா மட்டும் ஒனக்கு நெஞ்சு எரியுதா' என்றாள். அன்றைக்கு பஸ்ஸே சிரித்தது.

சனிக்கிழமை டெப்போவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பின்னால் ஓட்டிக்கொண்டு போவதெல்லாம் ஆபத்து, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப இடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் டிரிப்பை நிறுத்திவிடுவோம், எப்படியும் இந்தத் தடத்தில் வசூல் இல்லை என்றார். எனக்கு வந்ததே கோபம். 'தெரு லைட்டு எரியுதே, அது எவ்ளோ வசூல் பண்ணுதுங்க? மெயின் ரோட்ட அகலமாக்குனப்ப இதுல எவ்ளோ வசூல் வரும்னு யாராச்சும் கேட்டாங்களா?' என்று கேட்டேன். கார்காரன் போகிற ரோட்டுக்குச் செலவழித்தால் வளர்ச்சியாம், கூலிக்காரி போகிற பஸ்ஸுக்குச் செலவழித்தால் நஷ்டமாம். பெரியம்மாள் மகள் பிளஸ் டூவோடு நின்றது படிப்பு ஏறாமலா, ஸ்பெஷல் கிளாஸ் விட்டு இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடக்க பயந்துதானே. அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அந்த மனிதர் நல்லவர்தான், தலை குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் பட்டது ரோட்டோரம் மண்ணடித்து மேடாக்கி வேலி போடாமல் கிடக்கிற பத்து சென்ட் இடம். 'இது யாரோடதுங்க?' என்றார். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. உன்னுடையதுதான்.

அப்பா உடனே, 'அதெல்லாம் முடியாதுங்க, அது எம் பொண்ணு வூடு' என்றார். வீடு எங்கே இருக்கிறது, நீ அனுப்பிய படத்தைப் பார்த்து மேஸ்திரி போன மாதம் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடுதான் இருக்கிறது. ஆனாலும் அப்பா தினமும் காலையில் அந்தக் கோட்டில் வாசல் இருக்கிற இடமாகப் பார்த்து நுழைந்துதான் உள்ளே போவார், சுவர்க் கோட்டைத் தாண்ட மாட்டார். செருப்பைக் கூட வெளியே விடுகிறார். அன்று சாயங்காலம் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் நஷ்டம், ஒரு பக்கம் லாபம் என்று எழுதினார். நஷ்டத்தில் மனை, சமையலறை, ஈசானி மூலை, புகை, ஹாரன், ஆட்டுக்கு ஆபத்து என்று கீழே வரைக்கும் போயிற்று. லாபத்தில் ஒன்றே ஒன்று, 'அன்பு சண்டை போட மாட்டாள்'. பிறகு அதையும் அடித்து, 'சந்தேகம்' என்று எழுதினார். நானும் அதே தாளில் என் பக்கத்துக்கு எழுதலாம் என்று பேனாவை வாங்கினேன். பஸ் வந்த ஆறு நாளும் நான் நேரத்துக்கு வேலைக்குப் போனேன், உட்கார்ந்துகொண்டு போனேன், என் மடியில் யாரும் உட்காரவில்லை. இதை எந்தப் பெயரில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் தப்பு. இந்தத் திங்கட்கிழமை அப்பா கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்த நேரம் பார்த்து நான் சுப்புராயனிடம், ஒரே ஒரு தடவை உள்ளே விட்டுத் திருப்பிப் பாருங்கள், இடம் பத்துமா என்று தெரிந்துகொள்ளலாம் என்றேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். பஸ் மெதுவாக உன் ஹாலுக்குள் வந்தது. நான்தான் முன்னால் நின்று கை காட்டினேன். நேராக வந்திருந்தால் நன்றாகத் திரும்பியிருக்கும். ஆனால் சக்கரம் உன் படுக்கையறைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது, 'பெட்ரூம மிதிக்காதீங்க, எடது பக்கம் ஒடிங்க' என்று கத்திவிட்டேன். அந்த மனிதரும் ஒடித்துவிட்டு, 'வெறுந்தரையில எங்கம்மா இருக்குது பெட்ரூமு' என்று கேட்டார். கேட்டு வாய் மூடுவதற்குள் பின்சக்கரம் பொதக்கென்று இறங்கியது. போர் போட்டபோது சேறு விட்ட பள்ளம், மேலே காய்ந்து கிடந்ததால் மறந்துபோனேன். அது உன் சமையலறைத் தொட்டி வரவேண்டிய இடம். நானே மண் பிசைந்து பிழைக்கிறவள், மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கிற மண்ணைப் பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்று நாளாக பஸ் அங்கேயேதான் நிற்கிறது. டெப்போவில் கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறார்கள். டிராக்டர் வந்தது, அதுவும் மாட்டிக்கொள்ளப் பார்த்துத் தப்பித்து ஓடிவிட்டது. கரும்பு வெட்டு நேரம், பெண்ணாடம் பக்கத்திலிருந்து பெரிய டிராக்டர் வர ஆளில்லை. அப்பா என்னோடு பேசவில்லை, ஆனால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வேளாவேளைக்குச் சோறும் டீயும் அவர்தான் எடுத்துக்கொண்டு போகிறார், போனவர் கடைசி சீட்டில் படுத்துக் குறட்டையும் விடுகிறார். பெரியம்மாள் கத்தரிக்காய்க் கூடையை ஜன்னலில் வைத்து வியாபாரம் செய்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பஸ்ஸில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். மாணிக்கவேல் தினமும் ஆட்டோவை நிறுத்தி, 'சாமி எம் பிராதத்தான் மொதல்ல படிச்சிருக்குது' என்று சொல்லிவிட்டுப் போகிறான். இந்தக் கடிதத்தையும் நான் அந்த பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன், மகளிர் இருக்கை, ஜன்னல் ஓரம். இதுவரைக்கும் எழுதியது புதன்கிழமை.

இன்றைக்கு வியாழன். விடியும்போதே பஸ் எழுந்துவிட்டது. எப்படி என்பதைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து கல் போட்டோம், கீற்று போட்டோம், எங்கள் யூனிட்டில் கழித்துப்போட்ட பியூஸ் கேரியர் உடைசலை மாணிக்கவேல் ஆட்டோவிலேயே நான்கு மூட்டை கொண்டுவந்து கொட்டினோம். அவன் ஏன் வந்தான் என்றால், பஸ் இல்லாத இந்த மூன்று நாளில் ஊரே அவன் ஆட்டோவில் ஏறி ஆக்ஸில் ஒடிகிற நிலைமை, 'ஒரு டிரிப்பாச்சும் பஸ்ஸு பாத்துக்கட்டும் அக்கா, என்னால முடியல' என்றான். பள்ளம் ரொம்பிவிட்டது, ஆனால் மேலே சக்கரம் வழுக்குகிறது. அப்போதுதான் எனக்கு நீ அனுப்பிய பெட்டி ஞாபகம் வந்தது. உன் சமையலறைக்கென்று நீயே பார்த்து மாதிரிக்கு அனுப்பினாயே, எட்டு டைல்ஸ், இளநீல நிறம். நான் எடுக்கத் தயங்கிக்கொண்டு நின்றபோது அப்பாவே வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், மூன்று நாள் கழித்து என்னிடம் முதல் வார்த்தை பேசினார், 'எந்தப் பக்கம் மேல வைக்கணும்?' என்று. பளபளப்புக் கீழே, சொரசொரப்பு மேலே என்றேன். சக்கரத்துக்கு அடியில் வரிசையாக வைத்தோம். சுப்புராயன் ஒரே மிதி, பஸ் உறுமிக்கொண்டு மேலே வந்து, ரோட்டுக்கு மூக்கை நீட்டி, ஊரைப் பார்க்காமல் விருத்தாசலத்தைப் பார்த்து நின்றது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பஸ் நம்ம ஊரில் திரும்பிய காட்சி அது. ஊரே கை தட்டியது. அப்பா தன் வண்டியைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து டிக்கெட் எடுத்தார், எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், 'சும்மாதான்' என்றார்.

சக்கரத் தடம் உன் ஹால் வழியாகப் போய் சமையலறையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. படுக்கையறையைத் தொடவில்லை, நான் பார்த்துக்கொண்டேன். ஆனால் வெறும் படுக்கையறையை வைத்துக்கொண்டு வீடு என்று சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். இடத்தைக் கொடுத்தால் உன் வீடு அங்கே வராது, அவ்வளவுதான், அதைச் சுற்றி வளைக்க நான் தயாரில்லை. நீ பக்கத்து மனையில் குடியிருப்பாய், ஜன்னலில் இருந்தே குழம்புக் கிண்ணம் கைமாற்றலாம் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். நீ எப்போது ஊரோடு வருவாய் என்று கேட்டபோதெல்லாம் 'பார்க்கலாம்' என்றாய். நான் அதைக் குறை சொல்லவில்லை, இங்கே உன் படிப்புக்கு யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஆனாலும் வராத பிள்ளைக்கு வைத்திருக்கிற இடத்தில், தினமும் போகிற பதினேழு பேருக்கு வழி கிடைக்கும் என்றால் கொடுக்கலாம் என்பது என் கட்சி. அப்பா கட்சி என்ன என்று கேட்டேன், அந்த டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனை உன் பேரில் இருக்கிறது, பேசவேண்டியவள் நீ. பஸ் திரும்பிக்கொள்ளச் சம்மதம் என்று பஞ்சாயத்துக்கு எழுதிய தாள் கடைசிப் பக்கமாக இருக்கிறது, சரி என்றால் நாளை மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு. முடியாது என்றால் முடியாது என்று எழுது, நான் நாளைக்கே முள்வேலி கட்டிவிட்டுப் பழையபடி நடக்கிறேன், உன் மேல் கோபப்படுவேன், ஆனால் மூன்று நாளைக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டேன். 'பார்க்கலாம்' என்று மட்டும் எழுதாதே. பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லித்தான் ஐந்து வருஷம் எங்களை நடக்க விட்டார்கள்.

இதை அதே பஸ்ஸில் வந்திறங்கி, அப்பாவோடு செராமிக் எஸ்டேட் கேட்டில் உட்கார்ந்து முடிக்கிறேன், மணி எட்டு பத்து, இருபது நிமிஷம் என் கையில் இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். லேபில் முகத்துக்குத் துணி கட்டாமல் மண் தூசியைச் சுவாசிக்காதே. கொளஞ்சியப்பர் உனக்கு நல்ல புத்தியும் நல்ல மேனேஜரையும் கொடுக்கட்டும், கேட்டது கிடைத்துவிட்டது என்று எங்கள் பிராதை வாபஸ் வாங்குவதா வேண்டாமா என்பதும் உன் பதிலில்தான் இருக்கிறது, சாமியும் காத்திருக்கிறார். எட்டு டைல்ஸில் ஐந்து உடையவே இல்லை, அரசாங்க பஸ்ஸே ஏறியும் கீறல் கூட விழவில்லை, உன் கம்பெனியில் சொல்லு. உடைந்த மூன்றுக்கு அதே இளநீலத்தில் மூன்று அனுப்பு. வீடு எங்கே வந்தாலும் சமையலறை ஒன்று வரத்தானே வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் உன் வீட்டுக்குள் பஸ்ஸை விட்ட அம்மா,
த. அன்புக்கரசி
(ஓரத்தில் தெரிவது அப்பா)