சத்திரத்தில் பொருந்தாத டைல்

மச்சான்,

இன்று காலை கயல் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதன் அடியில் கிடந்த வெள்ளை டைலை எடுத்தாள். துப்பட்டாவால் ஈரத்தைத் துடைத்தாள். நடுவில் இருந்த நீலப் பூ பளிச்சென்று தெரிந்தது. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்து, "சுத்தமா ஒம்போது அங்குலம் இருக்குதுப்பா" என்றாள். நான் பேப்பரில் ராசிபலனை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இன்று பாராட்டு என்று போட்டிருந்தது.

"அத எதுக்கு இப்ப அளக்கற?"

"சத்திரத்து ரிப்பேர் வேல பைல எழுதி முடிக்கணும். எந்த வேலய எப்படி செஞ்சோம், எங்க தப்பாச்சு, எதனால ஆச்சு, எல்லாம் எழுதி வெக்கணும். அம்பது வருஷம் கழிச்சு ரிப்பேர் பண்ண வர்றவங்களுக்கு அது வேணும்ப்பா. மொத சூள டைல்ஸு ஒரு அங்குலம் பெருசா போச்சில்ல, அதுக்குக் காரணம் மாமா குடுத்த அளவு தப்புன்னு எழுதிடறேன். மாமாவே சொன்னதுதானே."

"ம்" என்றேன்.

உன் அளவில் தப்பு இல்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. நீ போய் ஆறு மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பத்தாவதையே இரண்டாவது தடவையில் பாஸ் செய்தவன் நான். நீ முதல் தடவையிலேயே பாஸ் செய்தாய் என்பதை இன்னும் மறக்கவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் செராமிக் பட்டறையில் சேர்ந்தோம். நீ அச்சு செய்கிற பக்கம் போனாய், என்னைச் சூளைப் பக்கம் அனுப்பினார்கள். அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. சூளை வெக்கை போலிருக்கிறது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ லீவு போட்ட நாட்களில் எரியவில்லை என்பதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

உன் அச்சில் வார்த்த பீங்கான் பியூஸ் கேரியரில் பிசிறு இருக்காது. உன் சட்டையில் கசங்கல் இருக்காது. "அண்ணன் சட்ட எப்படி இருக்குது பாருங்க" என்று என் வீட்டுக்காரி சொன்னாள் என்பதற்காக, உன் தையல்காரரிடமே போய் அதே துணியில் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். "அவங்க சட்டய எதுக்கு இரவல் வாங்கினு வந்தீங்க" என்று கேட்டாள். கயல் டிப்ளமோ முடித்த அன்று நான் லட்டு டப்பாவோடு வாசலில் நின்றேன். அவள் ரிசல்ட்டை உன்னிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். "மாமா வூட்டு வழியாதானப்பா பஸ்ஸு வருது" என்றாள். பஸ் அந்த வழியாக வருவதில்லை. லட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நான் இரண்டு தின்றேன். ஆற்றங்கரைச் சத்திரத்தைப் பழுது பார்க்கிற வேலையில் அவளுக்கு சைட் பொறுப்பு கிடைத்ததைக்கூட நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

சத்திரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் அந்த ஊர்க்கூட்டம்தான் ஞாபகம் வருகிறது. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் முழுக வருகிற ஜனங்கள் இளைப்பாறிச் சாப்பிட என்று யாரோ எப்போதோ கட்டிய இடம். பெண்ணாடம் பக்கத்திலிருந்து டிராக்டரில் வருகிற குடும்பங்களுக்கு அங்கே இலை போடுவார்கள். கூரை ஒழுகி, ஒரு பக்கச் சுவர் சரிந்து, பூட்டுப் போட்ட பிறகு அந்த ஜனங்கள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தார்கள். பழுது பார்க்க ஆட்கள் வந்ததும், உள்ளே கயிறு கட்டிக் காட்சிக்கு வைக்கலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அதைப் பேசப் போட்ட ஊர்க்கூட்டத்தில் நீ எழுந்து சொன்னாய்:

"இது பூட்டி வெச்சு வேடிக்க பாக்கற கட்டடம் இல்லீங்க. சோறு போடற கட்டடம். சோறு போட்டாதான் அதுக்கு உசுரு."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதே கருத்தை நான் ஒரு வாரத்துக்கு முன்பே டீக்கடையில் சொல்லியிருந்தேன். சரியாகச் சொல்ல வேண்டுமானால், "அங்க சாம்பாரு நல்லா இருக்கும்" என்று சொல்லியிருந்தேன். என் கருத்தும் அதுதான், வார்த்தைதான் கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் சாப்பாட்டுக்குத் திரும்பவும் அனுமதி கிடைத்தது உன் பேச்சால்தான் என்று ஊரே சொன்னது.

கூடத்தின் நடுவில் சிவப்புத் தரைக்குள் தனித்தனியாகப் பதித்திருந்த வெள்ளை டைல்கள் ஒன்றைத் தவிர எல்லாம் உடைந்திருந்தன. கடையில் விற்பது அந்தத் தரையோடு சேராது. கயலுக்கு மேலே இருந்த மேடம், வெளியூரில் ஆர்டர் கொடுத்துச் செய்யலாம் என்றார். கயல்தான், "பொம்மயும் பியூஸ் கேரியரும் லோடு லோடா போற ஊரு மேடம் இது, இங்கயே செய்யலாம், நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தாள். மாசி மகத்துக்குள் தரை முடிய வேண்டும். அவள் பொறுப்பேற்ற முதல் வேலை. முழுசாக இருந்த ஒரே ஒரு பழைய டைலை நீ உன் வீட்டில் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாய். அளவெடுக்க உன்னிடம் கொடுத்திருந்தாள்.

அச்சை நான் செய்கிறேன் என்றேன்.

"அப்பா, அத மாமா செய்யட்டுமே."

"ஏன், நான் செஞ்சா மண்ணு ஒட்டாதா?"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் நீ குறுக்கே வந்தாய். "அவன் செய்யட்டும் பாப்பா. நான் அளவ எழுதிக் குடுத்துடறேன்." அப்படி விட்டுக் கொடுத்தாயே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஜெயித்து வாங்கியிருக்க வேண்டும். நீயாகக் கொடுத்திருக்கக் கூடாது.

நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பச்சை மண் சூளையில் வெந்தால் சுருங்கும். எட்டு அங்குல டைல் வேண்டுமென்றால் அச்சு ஒன்பது இருக்க வேண்டும். அளவு எழுதுகிறவர் வெந்து வர வேண்டிய அளவை எழுதுவார். அச்சு செய்கிறவர் அதன் மேல் சுருக்கத்தைக் கூட்டிக்கொள்வார். அதுதான் வழக்கம். நீ கொடுத்த தாளில் ஒன்பது என்று இருந்தது. நான் அதற்கு மேல் ஒரு அங்குலமும் கொஞ்சமும் கூட்டி அச்சைச் செய்தேன். பழைய டைல் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்து வேலை. டைல் உன் வீட்டில் இருந்தது. உன் வாசலில் வந்து நின்று அளவு கேட்பதா என்று நான் வரவில்லை.

சூளை பிரித்தபோது ஒன்றில்கூட விரிசல் இல்லை. நீலப் பூ கலையாமல் வந்திருந்தது. பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி தலை சீவிக்கொண்டு சத்திரத்துக்கு வண்டியில் ஏற்றிப் போனேன். மேடமும் வந்திருந்தார். கயல் ஒன்றை எடுத்து, உடைந்த டைலைப் பெயர்த்த பள்ளத்தில் வைத்தாள். உட்காரவில்லை. திருப்பி வைத்தாள். அப்போதும் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து உன் தாளை எடுத்துப் பிரித்தேன். கீழ் மூலையில் பென்சிலில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தாய்: 'சுருக்கம் சேர்த்தாச்சு.'

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் மறந்துவிடுவேன் என்று நீயாகவே முன்கூட்டிச் சேர்த்திருக்கிறாய். அவ்வளவுதானா என்மேல் நம்பிக்கை என்று. நீ வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தாய். கயல் "அந்தப் பேப்பரக் குடுங்கப்பா" என்று கை நீட்டினாள். கொடுப்பதற்குள் என் விரல் அந்த மூலையைக் கிழித்துவிட்டது. விரல்தான் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். நான்தான் கிழித்தேன்.

"மாமா, ஒம்போதுன்னு போட்டிருக்கீங்களே" என்றாள் கயல்.

நீ தாளை வாங்கினாய். மூலை இல்லாத இடத்தில் உன் கட்டை விரல் ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தாய். அப்புறம் அவளைப் பார்த்துச் சொன்னாய்:

"ஆமாம் பாப்பா. பழக்க தோஷத்துல சுருக்கத்தயும் சேத்துத் தொலச்சிருக்கேன். எழுதணும்ல, மறந்துட்டேன். அவன் வழக்கப்படிதான் செஞ்சிருக்கான். தப்பு என்னோடது."

"இதுக்குத்தான் வெளியில ஆர்டர் குடுக்கலாம்னு சொன்னேன்" என்றார் மேடம், எல்லார் முன்னாலும், கயலைப் பார்த்து. அவள் உன்னையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னோடு நடந்தாய். பஸ் ஸ்டாண்ட் வந்தது. பிரிகிற இடத்தில், "இனிமே பேப்பர பாத்து புடி மச்சான், கிழிஞ்சிரப் போவுது" என்றாய். அதைப் பற்றி நீ பேசியது அவ்வளவுதான்.

அந்த மாசி மகத்தன்று கூடத்தின் நடுவில் ஆற்று மணலைப் பரப்பிப் பாயை விரித்தார்கள். வந்த ஜனங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இலை போட்டார்கள், குழம்பு ஊற்றினார்கள், "எத்தினி வருஷமாச்சு இங்க குந்தி சாப்ட்டு" என்று பேசிக்கொண்டார்கள். கயல் மட்டும் தூணோரம் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் நீ செய்த அச்சில் இரண்டாவது சூளை போட்டோம். ஒவ்வொன்றும் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி போய் உட்கார்ந்தது. என் பெரிய டைல்களை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். நீதான் நிறைய எடுத்தாய். உன் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற இடத்தில் பதித்தாய்.

ஆடியில் நீ போய்விட்டாய். வந்த கூட்டத்தைப் பார்த்து, எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று மனதுக்குள் தலை எண்ணினேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அதுவரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் கால் கழுவ உன் கொல்லைப்பக்கம் போனேன். உன் வீட்டுக்காரி, தங்கச்சி, சொம்பில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தது. "கீழ பாத்து நில்லுங்கண்ணே, வழுக்கும்" என்றது. கீழே பார்த்தேன். வரிசையாக நீலப் பூ. நான் கெடுத்த டைலில் பெரும்பங்கை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்திருந்தாய். அதன் மேல் நின்றுதான் காலைக் கழுவினேன்.

இதையெல்லாம் ஏன் கயலிடம் இத்தனை நாள் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். மானம் போகும் என்று இல்லை. எங்கள் வீட்டில் என் மானம் ரொம்ப நாளாக வெளியூரில்தான் இருக்கிறது. சொன்னால் உனக்கு இன்னும் ஒரு சுற்றுப் பேர் கூடிவிடுமே என்பதுதான். உயிரோடு இருந்தவரைக்குமாவது நீ என்றாவது சறுக்குவாய் என்று காத்திருக்க முடிந்தது. இப்போது அதற்கும் வழியில்லை. ஆனால் பைலில் ஏறினால் அது ஏறியதுதான். அம்பது வருஷம் கழித்து வருகிற எவனோ, உன் முகம் தெரியாதவன், 'இந்த ஆளுக்கு அளவு தெரியாது' என்று படிப்பான். உன்னைக் குறை சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அவன் யார்?

மத்தியானம் கயல் சாப்பிட்டு எழுந்ததும் பர்சை எடுத்தேன். ஆதார் கார்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கிழிந்த மூலைத் துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் பைலைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து உன் தாளை எடுத்து, கிழிந்த இடத்தில் அந்தத் துண்டை வைத்துப் பார்த்தாள். சேர்ந்தது.

"நீங்க குடுத்ததுல இது ஒண்ணுதாம்ப்பா அளவா பொருந்துது" என்றாள். சிரிக்கவில்லை. அப்புறம், "மாமாகிட்ட மூணு நாள் நான் பேசல, தெரியுமா?" என்றாள்.

தெரியும். அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன், மச்சான். எழுதுகிறதுதான் எழுதுகிறோம், அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் எழுதினாள்: 'முதல் சூளையில் சுருக்கம் இரண்டு முறை கூட்டப்பட்டது. அளவுத் தாளில் குறிப்பு இருந்தது. அச்சு செய்தவர் பார்க்கவில்லை.' பக்கத்தில் என் பெயரைப் போட்டாள். "கிழிச்சதையும் எழுது" என்றேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அப்புறம் துண்டைத் தாளோடு சேர்த்து டேப் ஒட்டினாள். "பாக்கறவங்களுக்கு ஒட்டு தெரியும்ப்பா. போதும்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு குடத்தைத் திரும்பவும் டைல் மேல் தூக்கி வைத்தாள்.

அவள் உள்ளே போனதும் பைலைப் புரட்டி எண்ணினேன். உன் பெயர் ஏழு இடத்தில் வருகிறது. என் பெயர் அந்த ஒரு இடத்தில்.

அடுத்த வாரம் மாசி மகம். கூடத்தில் இலை போடுகிற வேலைக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். பர்சில் அந்த இடம் இப்போது காலி. பழக்கம் மட்டும் போகவில்லை. மருந்துச் சீட்டோ கல்யாணப் பத்திரிகையோ கரண்ட் பில்லோ, எது கைக்கு வந்தாலும் கீழ் மூலையைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே யாரும் எதுவும் எழுதியிருப்பதில்லை. நான் எங்கே தப்பு செய்வேன் என்று தெரிந்து, முன்கூட்டியே பென்சிலால் எழுதி வைக்க ஒருவன்தான் இருந்தான்.