ஒரே அப்பம்

அன்பு மனைவிக்கு,

கர்த்தரின் சமாதானம் உன்னோடும் பிள்ளைகளோடும் இருப்பதாக. உன் முழங்கால் வலி குறைந்ததா? மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. நான் நலமே.

இங்கே ஒரு சிறு சம்பவம், பதற வேண்டாம். பாதுகாப்பு மேற்பார்வையாளனாகிய நான், எரிவாயுக் குழாயை நேரில் பரிசோதிக்காமலே வேலைக்கான அனுமதிச் சீட்டில், அதாவது பர்மிட்டில், கையொப்பமிட்டுவிட்டேன். கசிந்த வாயு தீப்பற்றி வெல்டரின் வலது கை வெந்துபோயிற்று. விசாரணை முடியும்வரை எனக்கு வேலை இல்லை. விடுதியை விட்டு வெளியேறவும் அனுமதி இல்லை.

விடுதிக் கூடத்தில் நடக்கும் ஞாயிறு ஆராதனையில், திருவிருந்தின்போது ஒரே அப்பம் கைமாறி வரும். அவரவர் பிட்டுக்கொள்ள வேண்டும். தகுதியற்றவன் அதில் பங்கெடுக்கலாகாதென்று கடைசி வரிசையிலேயே இருந்துவிட்டேன். வெல்டர் அப்பத்தோடு நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒரு கையால பிய்க்க முடியல. பிட்டுக் குடுங்க."

"என்னால வந்த காயம், தம்பி. நான் எப்படி..."

"இதுக்கும் பர்மிட் எழுதித் தரணுமாக்கும்? எந்திரிங்கண்ணே!"

பிட்டுக் கொடுத்தேன். மீதியை என் கையிலேயே வைத்து, "இது உங்களுக்கு" என்றார். விதிமுறை தவறாததால்தான் நான் தேவனுடைய பிள்ளை என்று இதுநாள்வரை நம்பியிருந்தேன். வெளிவாசல் பூட்டியே இருந்தது. ஆனாலும் கட்டவிழ்த்துவிட்டாற்போல் அழுதேன்.

உன் கையெழுத்துள்ள பழைய பாட்டுப் புத்தகத்தையும் கண்ணாடிக் கயிற்றையும் அனுப்பு. குடும்ப ஜெபத்தில், வெல்டரின் விரல்கள் மடங்க வேண்டுமென்று கேளுங்கள். எனக்காக என்ன கேட்பதென்று எனக்கே தெரியவில்லை. என் பெயரை மட்டும் சொல்லுங்கள், போதும்.

ஊருக்குப் புறப்படும் நண்பர் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார்.

உன் கணவன்