ஜன்னலோரக் கணினியில் என் கணவர் தொடர்ந்து பேச அனுமதி கோரி

அனுப்புநர்:
திருமதி பத்மா இருளப்பன்,
மேட்டு லயம்,
சுங்கை ரிங்கான் தேயிலைத் தோட்டம்,
கோலா தெர்லா வழி,
கேமரன் மலை, பகாங்.

பெறுநர்:
திரு. சுகுமாரன் அவர்கள்,
மேற்பார்வை அதிகாரி,
தோட்டக் கணினி அறைகள் பிரிவு,
தானா ராத்தா.

பொருள்: எங்கள் தோட்ட மண்டபத்தின் கணினி அறையில், ஜன்னலோரக் கணினியிலுள்ள தமிழ் விசைப்பலகை, உரை எழுதும் செயலி, எழுதியதைப் படித்துக் காட்டும் குரல் ஆகியவற்றை நீக்கும் உத்தரவை நிறுத்திவைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நான் சொல்லச் சொல்ல, என் கணவர் வீ. இருளப்பன் அதே ஜன்னலோரக் கணினியில் தட்டச்சு செய்கிறார். மாத இறுதிவரை தங்கள் உத்தரவில் இதற்குத் தடையில்லை என்று நம்புகிறேன். தன்னைப் பற்றி வரும் இடங்களில் அவர் கையை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறார். முறைத்தாலும் சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தங்கள் அலுவலகக் கோப்புக்கு மலாயில் வேண்டியிருக்கும் என்பதால், எங்கள் மகள் பூவிழி எழுதிய ஒரு பக்கச் சுருக்கத்தையும் இணைத்துள்ளேன். சண்டைகளை எல்லாம் அவள் அதில் விட்டுவிட்டாள். முழு விவரம் தெரிய வேண்டுமானால் தாங்கள் இதைத்தான் படிக்க வேண்டும்.

1. என் கணவர் இத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு அவர் பொறுப்பு. அந்த நேரத்தில் எங்கள் மலையில் பனி இறங்கிக் கிடக்கும். பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாது. இவர் குரல் மட்டும் கீழ் லயத்துக் கடைசி வீடுவரை போகும், துரை பங்களா நாய் எழுந்து குரைக்கும். அப்போது நான் தானா ராத்தாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் “இந்தப் பக்கம் சாம்பார் வரலலா” என்று ஒரு குரல் அதட்டியதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குரலுக்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். வேறு எதையும் பார்த்து மயங்கவில்லை என்பதை அவர் கையாலேயே இங்கு பதிவு செய்கிறேன்.

2. பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஈப்போவில் அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களுக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் குரல் போனது என்றால் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது. ஐயா, எங்கள் வீட்டுக்கு அமைதி பழக்கமில்லை. நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார், அப்படியே பொழுது போய்விடும். இப்போது நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பேச்சு இல்லாமல் பேசுவது, சோறே இல்லாமல் வெறும் குழம்பைக் குடிப்பது போலிருந்தது. தாளில் எழுதிக் காட்டுவார். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் அவருக்குக் கோபம் ஆறிவிடும், தாளைக் கிழித்துவிடுவார். கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள், ஐயா. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வரும். அதைக் கட்டிலில் வீசிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் அடுப்படியில் நின்று அழுதேன். இதை அவரிடம் இன்றுதான் சொல்கிறேன்.

3. அவரை முதலில் கணினி அறைக்குக் கூப்பிட்டவர், அப்போது அங்கே பொறுப்பாளராக இருந்த திரு. லிங்கேஸ்வரன். தற்போது அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கணினியின் விசைகள் பெரியவை, தனித்தனியாக இருப்பவை. என் கணவரின் விரலுக்கு அவை சரியாக அமைந்துவிட்டன. கோவில் நோட்டீஸ் அடிக்கும் பழைய எழுத்துருவில்தான் அவர் முதலில் எழுதிப் பழகினார். திரையில் பார்த்தால் அழகான தமிழ். படித்துக் காட்டு என்று கணினியிடம் சொன்னால், அது யாரோ மந்திரம் சொல்வதுபோல் புரியாத இங்கிலீஷில் உளறியது. அறையில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த எழுத்துருவில் கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து என்று திரு. லிங்கேஸ்வரன் விளக்கினார். கணினி தமிழைத் தமிழாகவே அறிய வேண்டுமானால் யூனிகோட்டில் அடிக்க வேண்டுமாம். அதற்கான விசைப்பலகையையும், வேறு எந்த வேலையும் தெரியாத, எழுத மட்டும் தெரிந்த ஒரு சாதாரண உரைச் செயலியையும், ஒரு தமிழ்க் குரலையும் அவர்தான் ஏற்றிக் கொடுத்தார். தங்கள் உத்தரவு நீக்கச் சொல்வது இந்த மூன்றையும்தான்.

4. அந்தக் குரல் ஒரு பெண்ணின் குரல் என்பதை மறைக்க விரும்பவில்லை. திரு. லிங்கேஸ்வரனுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். சென்னை டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணைப்போல் மிகவும் மரியாதையாகப் பேசும். என்னைக் கூப்பிட்டு அருகில் உட்கார வைத்துவிட்டு, இவர் நெடுநேரம் தேடித் தேடி அடித்தார். ஏதோ அன்பாகச் சொல்லப்போகிறார் என்று நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். “பத்மா, இன்னிக்கி குழம்புல உப்பு இல்ல” என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள். அறையே சிரித்தது. நான் திட்டினேன். அவர் உடனே பதில் அடித்தார். நான் மறுபடி திட்டினேன். ஐயா, என் வாழ்நாளில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. குரல் யாருடையதாகவும் இருக்கட்டும், பேச்சு முழுக்க என் வீட்டுக்காரருடையதுதான்.

5. அதன் பிறகு தினமும் எனக்குக் கொழுந்தெடுக்கும் வேலை விட்டதும் இருவரும் கணினி அறைக்குப் போவது வழக்கமாயிற்று. லயத்து ஆட்களும் அங்கே வந்து அவரிடம் நியாயம் கேட்பார்கள், கிண்டல் செய்வார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். கோவில் அறிவிப்புகளையும் அவரே எழுதி, கணினியிலிருந்து ஒரு கம்பியை மண்டபத்து ஒலிபெருக்கியில் செருகி, அந்தப் பெண்ணைப் படிக்க வைப்பார். தங்களுக்கு வந்த புகாருக்குக் காரணமே இந்தக் கம்பிதான். அன்று நான் விடுப்பில் இருந்ததால் காலையிலேயே போயிருந்தோம். கோவில் துப்புரவுப் பணி பற்றி அறிவித்துவிட்டு அவர் கம்பியைப் பிடுங்க மறந்துவிட்டார். அதே நாற்காலியில் உட்கார்ந்து எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. அவருடைய பாதி முழுவதும் மலை முழுக்க ஒலித்தது. என்னுடைய பாதி யாருக்கும் கேட்கவில்லை. நியாயம் என் பக்கமும் கொஞ்சம் இருந்தது என்பதை யாரும் தெரிந்துகொள்ளாமல் போனதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

6. வாக்குவாதத்தின் காரணத்தைத் தாங்கள் அறிய வேண்டும், ஏனென்றால் இம்மனுவே அதைப் பற்றியதுதான். எங்கள் ஒரே மகள் பூவிழிக்கு லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் திரு. தனராஜ் வீட்டில் சம்பந்தம் பேசியிருக்கிறோம். தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறு, இதே மண்டபத்தில் பரிசம் போடுகிறோம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் அப்பா தட்டை நீட்டி, ‘பரிசம் உங்களுக்கு, பெண் எங்களுக்கு’ என்று சபையறியச் சொல்வார். பெண்ணைப் பெற்றவர் தட்டை வாங்கி, ‘பெண் உங்களுக்கு, பரிசம் எங்களுக்கு’ என்று மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழுந்தால்தான் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். தலையாட்டினால் போதாது. என் அண்ணன் ஹரிதாஸ், மெஷின் பேசுவதெல்லாம் வாக்கு ஆகுமா, தாய்மாமன் நான் இருக்கிறேன், நானே சொல்லிவிடுகிறேன் என்றார். ஊர் வாய்க்குப் பயந்து நானும் சரி என்றேன். அதற்குத்தான் என் கணவர் கோபித்துக்கொண்டார். “என் பொண்ணக் குடுக்கற சொல்ல உங்கண்ணன் வாயில போட மாட்டேன். என்னப் பெத்தவங்க குடுத்த கொரலு போச்சு, நான் போகலலா” என்று அந்தச் செய்தி வாசிக்கும் பெண் மலைக்கெல்லாம் சொன்னாள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்களாம். அதோடு விட்டாரா? “கோவத்துல மூக்கு செவக்குது பத்மா, அப்பவும் நல்லாத்தான் இருக்க” என்று ஒன்றைச் சேர்த்து அடித்தார். ஒரு வாரம் என்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. பார்க்கிற பெண்கள் எல்லாம் என் மூக்கையே பார்த்தார்கள்.

7. பொதுக் கணினியைச் சொந்தச் சண்டைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தங்களுக்கு எழுதியவர் யார் என்று நான் கேட்கமாட்டேன். ‘நான் இல்லை’ என்று என் அண்ணன் கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். புகார் வந்தால் அதிகாரி விசாரிக்கத்தான் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத செயலிகள் என்று கண்டால் நீக்கச் சொல்லத்தான் வேண்டும். தங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் என் கணவரைப் பார்த்ததில்லை. திரு. தனராஜ் அன்று லாரியோடு தோட்டத்துக் கடையடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மறுநாள் அவரே வீடு தேடி வந்து, எந்தக் குரலில் வந்தாலும் இருளப்பன் எழுதின சொல்லைத்தான் நாங்கள் வாங்குவோம், வேறு யார் சொன்னாலும் தட்டை நீட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என் அண்ணனும் அடங்கிவிட்டார். எல்லாம் கூடி வந்த நேரத்தில் கதவில் தங்கள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மாதக் கடைசியில் எல்லாக் கணினிகளும் அழித்துப் புதிதாக்கப்படும், மலாய், இங்கிலீஷ் விசைப்பலகைகள் மட்டும் இருக்கும் என்று. பரிசம் அதற்கு அடுத்த வாரம்.

ஒரு நாளுக்கு யாரிடமாவது இரவல் வாங்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். பரிசத்துக்கு வாங்கிவிடலாம். மறுநாள் காலையில் அவர் பேச வேண்டுமே. சொந்தமாக ஒன்று வாங்கி வீட்டில் வைக்கலாமே என்றும் கேட்கலாம். வாங்கத்தான் போகிறோம். ஆனால் வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. பெரட்டில் அத்தனை பேரிடம் பேசிய மனிதர், மிச்ச நாளெல்லாம் என்னிடம் மட்டும் பேசினால் இரண்டு பேரும் தாங்கமாட்டோம்.

8. இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்கிறேன். பரிசத்தன்று சொல்ல வேண்டியதை அவர் இந்தச் செயலியில் முன்பே அடித்துச் சேமித்து வைத்திருக்கிறார். ‘பெண் உங்களுக்கு, பரிசம் எங்களுக்கு.’ அவ்வளவுதான். ஒத்திகை பார்க்கலாம், படிக்கும் விசையை அழுத்துங்கள் என்று நானும் பூவிழியும் தினமும் சொல்கிறோம். கோப்பைத் திறப்பார், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், மூடிவிடுவார். நேற்று பூவிழி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், ஏன் இப்படி என்று நான் கேட்டேன். ஒற்றை வரி அடித்தார். அதைக் குரலில் விடவில்லை, திரையை மட்டும் என் பக்கம் திருப்பினார். “சொன்னா போயிடுவாளே.”

ஐயா, மலை முழுக்கச் சண்டை போட்ட மனிதருக்கு இந்தச் சொல்லைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. எப்படியாவது வரவழைத்துவிடுவேன், அது என் வேலை. தைரியம் வரும் நேரத்தில் கணினியில் தமிழ் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதுதான் நான் தங்களிடம் கேட்பது.

ஆகவே, ஜன்னலோரக் கணினி ஒன்றில் மட்டுமாவது தமிழ் விசைப்பலகையும், உரைச் செயலியும், குரலும் பரிசத்துக்குப் பிறகும் தொடர்ந்து இருக்கும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். ஒலிபெருக்கிக் கம்பியை அறிவிப்பு முடிந்ததும் நானே என் கையால் பிடுங்கிவிடுவேன் என்று உறுதியளிக்கிறேன். நேரம் வாய்த்தால் தாங்களும் குடும்பத்தோடு பரிசத்துக்கு வர வேண்டும். சாப்பாடு எங்கள் வீட்டுக் கைப்பக்குவம்.

நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
பத்மா இருளப்பன்

இடம்: சுங்கை ரிங்கான் தோட்டம்
நாள்: 18.1.2025

தட்டச்சு செய்தவன் குறிப்பு: ஐயா, எட்டாம் பத்தி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், பத்மா கேட்கவில்லை. இப்போது கையெழுத்துப் போடப் பேனா வாங்கிவர வெளியே போயிருக்கிறாள். நான் நினைத்தால் அழித்துவிடலாம். அழிக்கவில்லை. அது உண்மைதான். – வீ. இருளப்பன்