பதறி ஓடாதே

3-6-46, திங்கள். திண்டிவனம்.
வெயில் குறையவில்லை. தலைமையாசிரியர் ஆள் அனுப்பியிருந்தார். ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்ட எச்சரிக்கைகள் வேண்டுமாம். "முப்பது வருஷம் அங்கேயே நின்னவர் நீங்க. உதாரணத்தோட எழுதிக் குடுங்க சார்." ஓய்வுபெற்று ஒரு வருஷம். கூப்பிட்டதில் சந்தோஷம்.

மாலைக்குள்:
1. சூடான கண்ணாடி, ஆறிய கண்ணாடி, பார்வைக்கு ஒன்றே. தோசைக்கல் மாதிரி. தொடுமுன் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்.
2. கார்க்கில் கண்ணாடிக் குழாய் செருகும்போது துணி சுற்றிப் பிடி. உள்ளங்கை கிழிவது இதில்தான் அதிகம்.
3. புட்டியில் மூக்கை வைக்காதே. கையால் விசிறி முகர். குழம்பு கொதிக்கையில் வீட்டில் செய்வதுதான்.
4. சோதனைக் குழாயின் வாய் பக்கத்துப் பையனைப் பார்க்கக் கூடாது.
5. பதறி ஓடாதே. உதாரணம்: சின்னப்பன்.

அதற்கு மேல் எழுத ஓடவில்லை.

4-6, செவ்வாய்.
புழுக்கம். பல்வலி, கிராம்பு.
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். 1931. சின்னப்பன், சேரியிலிருந்து வந்து படித்தவன், சோதனை செய்வதில் நல்ல கை. திராவகப் புட்டியின் மூடி இறுகியிருந்தது. திருகச் சொன்னது நான். கழுத்து உடைந்து வலது கை முழுக்கத் திராவகம். கழுவும் தொட்டி காலி. நிரப்பச் சொல்லாததும் நான். வராந்தாவில் குடிதண்ணீர்ப் பானை, நிறைய. ஓடிவந்தவன் இரண்டு முழம் முன்னால் நின்றுவிட்டான். அவன் தொடக் கூடாத பானை. என் முகத்தைப் பார்த்தான். நான் பக்கத்தில் நின்ற இரண்டு ஆசிரியர்களின் முகத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "கிணத்துக்கு ஓடு." கிணறு மைதானத்துக்கு அப்பால். அங்கும் தோட்டக்காரர் இறைத்து ஊற்றினால்தான்.

ரிப்போர்ட்டில்: "மாணவன் பதறி வெளியே ஓடியதால் காயம் மிகுந்தது." வருஷாவருஷம் வகுப்பில் அதையே உதாரணமாகவும் சொன்னேன்.

6-6, வியாழன்.
காலை ரயிலில் விழுப்புரம். மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே, சின்னப்பன் எடை எழுதுகிறான், இடது கையால். வலது கையில் மூன்று விரல் விரியாது.

மூட்டை தூக்குபவர் ஒருவர்: "இன்னா சின்னப்பா, ஹாஜர் எடுக்க வாத்தியாரே வந்துட்டாரு!" எல்லோரும் சிரித்தார்கள்.

டீ வாங்கித் தந்தான். நான் தொடங்குமுன் அவனே: "எந்தம்பி உங்க கிளாசுல படிச்சான் சார். எங்கதைய சொன்னீங்களாமே. வூட்டுக்கு வந்து, 'ஏண்ணா ஓடுன?'ன்னு கேட்டான்."
"நீ என்ன சொன்னே?"
"ஆமாண்டா, பயந்துக்கினு ஓடிட்டேன்னேன். அப்போ அவன் இன்னும் ரெண்டு வருசம் உங்ககிட்ட படிக்க வேண்டியிருந்துச்சே சார்."
டீயை வைத்துவிட்டேன். "தப்பு என்னுதுப்பா."
"தெரியும் சார்."
நடந்ததை நடந்தபடி சுவரில் எழுத, அவன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.
"போடுங்க. உங்க பேரையும் போடுங்க."
எடை எழுதப் போய்விட்டான்.

7-6, வெள்ளி.
காலையில் தூறல். பல்வலி தேவலை. ஐந்தாவது எச்சரிக்கையை மூன்று முறை எழுதினேன். மூன்றும் "மாணவன்" என்றே தொடங்கின. நாலாவது முறை: "ஆசிரியர் பக்கத்திலுள்ள தண்ணீரை உடனே எடுத்து ஊற்ற வேண்டும். யார் குடிக்கும் பானை என்று பார்க்கக் கூடாது. 1931இல் நான் பார்த்தேன். சின்னப்பன் என்ற மாணவனின் கை போயிற்று." கீழே என் கையெழுத்து.

தலைமையாசிரியர் இரண்டு தடவை படித்தார். "இதச் சுவத்துல ஒட்ட முடியாது சார். உங்க பேரை மட்டுமாவது எடுத்துடலாம்."

பெயரை எடுக்க மாட்டேன் என்று பசை கேட்டேன். தரவில்லை. ஆய்வுக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாலு மணி அடித்தாயிற்று. பூட்டுவதற்குச் சாவியோடு பியூன் வாசலில். தாள் பக்கத்தில்; நான் எழுந்திருக்கவில்லை.